வந்தவள் முதலில் அழ வேண்டும்

மாட்டுங்காவில் எங்கள் கட்டிடத்தில் எனக்குத் 'தேதி மாமி' என்று ஒரு பெயர் உண்டு. தாதர் டிராம் கடைசியாக ஓடியது என்றைக்கு, மூன்றாம் மாடிக்காரர் பெண்ணுக்குக் கல்யாணம் ஆனது எந்த மாதம், மாடிப்படிக்குக் கைப்பிடி போட்டது எந்த வருஷம் என்று யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என்னிடம் வந்து கேட்பார்கள். நானும் அடுப்பைத் தணித்துவிட்டுச் சொல்வேன். லைப்ரரியிலிருந்து சரித்திரப் புத்தகங்களாகப் பார்த்து எடுத்து வந்து படிக்கிற பழக்கம் ஒரு காரணம். மண்டை அப்படி அமைந்துவிட்டது இன்னொரு காரணம். ஆனால் ஒரே ஒரு தேதியை மட்டும் யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானாகச் சொன்னதும் இல்லை. அது எப்படி வெளியே வந்தது என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று பல நாளாக நினைப்பு.

ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்களே, அந்த 1966ஆம் வருஷத்து மழைக்காலம். கீழ்வீட்டு டாக்டர் வாரத்தில் சில நாட்கள் தாராவியில் ஒரு தர்ம டிஸ்பென்சரியில் உட்காருவார். ஒருநாள் சாயங்காலம் மேலே வந்தார்.

"மாமி, ஒரு ஒத்தாசை பண்ணணும். டிஸ்பென்சரிக்குப் புதுசா ஒரு மராத்திப் பொண்ணு வந்திருக்கா. செம்பூர்லேர்ந்து பஸ்ல வரா. சாவு விழுந்த வீட்டுக்குப் போய் அவாளோட உக்காந்து பேசி, மனசு தேறப் பண்றதுதான் அவ வேலை. அதுக்குன்னே படிச்சிருக்கா. தமிழ்தான் ஒரு வார்த்தை வரலை. நீங்க கூடப் போய் மொழிபெயர்த்துச் சொன்னா புண்ணியமா போகும்."

டாக்டர் இறங்கிப் போனதும் என் கணவர் செய்தித்தாளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தார்.

"துக்கத்துக்குக்கூடப் படிப்பு இருக்கா?"

"இருக்காம்."

"ஃபெயிலானா என்ன பண்ணுவா? இன்னொரு வருஷம் அழச் சொல்லுவாளா?"

"போறும். ஆபீஸ்ல இப்படிப் பேசிண்டிருந்தா எப்ப ப்ரமோஷன் தருவா?" என்றேன்.

போவது என்று தீர்மானித்தேன். பகலில் வீடு எனக்குப் பெரியதாக இருந்த காலம் அது.

அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். பருத்திப் புடவை, ஒற்றைப் பின்னல், தோளில் பை. ஹிந்தியும் இங்கிலீஷும் கலந்து பேசுவாள். தாராவிப் பெண்கள் அவளை டீச்சரம்மா என்றார்கள். படித்த பெண் யார் வந்தாலும் அங்கே டீச்சரம்மாதான். முதல் நாளே விஷயத்தைச் சொல்லிவிட்டாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். புருஷனுக்குத் தோல் பட்டறையில் வேலை. நாலு வயதுப் பையன் மழை தொடங்கிய புதிதில் காய்ச்சலில் போய்விட்டான். நடை பழகுகிற ஒரு பெண்குழந்தை இருக்கிறது. பையன் போன நாளிலிருந்து தாய் அந்தக் குழந்தையைக் கையால் தொடுவதில்லை. பாலும் மறக்கடித்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரி கஞ்சி ஊற்றி வளர்க்கிறாள். குழந்தை இளைத்துக்கொண்டே போவதை டாக்டர் கவனித்திருக்கிறார்.

"இப்போது அந்தக் குழந்தைக்கு மருந்து வேண்டாம், தாய் வேண்டும்" என்றாள் டீச்சரம்மா. "அவள் அதை மறுபடி மடியில் எடுக்க வேண்டும். அதுதான் நம் வேலை."

நாங்கள் முதலில் போனது ஒரு வெள்ளிக்கிழமை. டீச்சரம்மாவின் வார அட்டவணையில் தாராவிக்கு வெள்ளி என்று இருந்தது. பஞ்சாங்கம் தெரிந்த எனக்கு அது உறைத்திருக்க வேண்டும். டிஸ்பென்சரி வேலைக்கும் கிழமைக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்துவிட்டேன். சாக்கடைக்கு மேலே போட்டிருந்த பலகையைத் தாண்டி அந்தக் கோலி வாசலில் நின்றோம். அங்கே ஒற்றை அறை வீட்டுக்குக் கோலி என்று பெயர். தகரக் கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது. இடுப்பில் அந்தக் குழந்தையோடு பக்கத்து வீட்டுக்காரி குறுக்கே வந்து நின்றாள். நல்ல பாரியான பெண்பிள்ளை.

"யாரு நீங்க? என்ன சோலி?"

துக்கம் கேட்க வந்திருக்கிறோம் என்றேன்.

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா துட்டி கேக்க வந்திருக்கியளா? எந்த ஊரு ஒங்களுக்கு?"

"பாலக்காட்டுப் பக்கம்."

"பாலக்காட்டுல வெள்ளிக்கெழமயே கெடையாதாக்கும்?"

எதிர்வீட்டில் யாரோ சிரித்தார்கள். சாவு வீட்டுக்குப் போய் விசாரிப்பதை அவர்கள் துட்டி கேட்பது என்பார்கள். செவ்வாயிலும் வெள்ளியிலும் சனியிலும் அதற்கு யாரும் வாசல் திறக்கமாட்டார்கள். திரும்பி வருகிற வழியில் இதை நான் டீச்சரம்மாவுக்கு விளக்க வேண்டியிருந்தது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "சரி, இனிமேல் வியாழக்கிழமை" என்றாள்.

வியாழக்கிழமை உள்ளே விட்டார்கள். எங்களுக்காக எங்கிருந்தோ இரண்டு ஸ்டூல் வந்தது. அந்தத் தாய் தரையில் உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். தாதர் மார்க்கெட் வியாபாரிக்காக அந்தச் சந்தில் பல பெண்கள் வீட்டிலிருந்தே செய்த வேலை அது. சின்ன உருவம். என்னைவிடப் பத்து வயதாவது இளையவள். டீச்சரம்மா குனிந்து மென்மையாகக் கேட்டாள். நான் தமிழில் சொன்னேன்.

"மனசுல என்ன இருக்குன்னு சொல்லலாம். எதை வேணுமானாலும் சொல்லலாம்."

"என்னத்தச் சொல்ல? நல்லாத்தான் இருக்கேன்."

"ராத்திரி தூக்கம் வரதா?"

"வருது."

"பையனைப் பத்திப் பேசணும்னு தோணறதா?"

அவள் புளியைப் பிளந்து கொட்டையை டப்பாவில் போட்டாள். பக்கத்து வீட்டுக்காரியின் கையிலிருந்து நழுவிய குழந்தை தத்தித் தத்தித் தாயை நோக்கி வந்தது. தாய் அதைப் பார்க்கவில்லை. ஆனால் பார்க்காமலே புளித் தாம்பாளத்தை எடுத்து நடுவில் வைத்தாள். குழந்தை தாம்பாளத்துக்கு இந்தப் பக்கமே நின்றது. பழகிப்போன மாதிரி நின்றது. அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

பக்கத்து வீட்டுக்காரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்களுடன் பலகை வரை வந்தாள்.

"நான் கேக்கேன்னு கோவிச்சுக்கிடாதீய. நீங்க ரெண்டு பேரும் துட்டி கேக்க வந்தியளா, பரீச்ச வைக்க வந்தியளா?"

"ஏன் அப்படிச் சொல்றேள்?"

"பின்ன? துட்டிக்கு வந்தா வந்தவ மொதல்ல அழணும். அவளுக்கு அப்பன் போயிருப்பான், ஆத்தா போயிருப்பா, அத நெனச்சு அழுவா. அதுக்கப்புறம்தான இவ வாயத் தொறப்பா? நீங்க பாட்டுக்கு ஸ்டூல்ல ஏறி உக்காந்துக்கிட்டு அது எப்படி இருக்கு, இது எப்படி இருக்குன்னா? ஒங்க ரெண்டு பேருக்கும் இதுவரைக்கும் யாருமே சாவலியா?"

நான் அதை வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன். டீச்சரம்மா பஸ் நிறுத்தம் வரை என்னோடு நடந்தாள். பிறகு சொன்னாள்:

"எங்களுக்கு வகுப்பில் நேர்மாறாகச் சொல்லிக் கொடுத்தார்கள். உன் துக்கத்தை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போ, செருப்பைக் கழற்றி வைக்கிற மாதிரி. இல்லாவிட்டால் அவர்கள் கதையை நீ கேட்கமாட்டாய், உன் கதையைத்தான் கேட்பாய் என்றார்கள். நான் படிக்கும்போதே என் அப்பா போய்விட்டார். அதனால் எனக்கு அது சௌகரியமாகவும் இருந்தது." என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு?" என்றாள்.

அவளுடைய பஸ் வந்துகொண்டிருந்தது. நான் பஸ்ஸைக் காட்டினேன்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் கூரை விட்டத்தில் ஒரு இரும்புக் கொக்கி உண்டு. 1962ஆம் வருஷம் தை மாதம் ஆள் வைத்து அடித்தது, தூளி கட்டுவதற்காக. மாசியில் பெண் பிறந்தாள். பதினோராம் நாள் பேர் வைப்பதற்குள் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டாள். பேர் வைக்காத குழந்தைக்குத் தீட்டும் சடங்கும் பேருக்குத்தான். தெவசம் கிடையாது. அழுதால் அடுத்தது தங்காது என்றார் மாமியார், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நான் அழவில்லை. அடுத்ததும் வரவில்லை. யாரும் விசாரிக்க வரவில்லை, ஏனென்றால் விசாரிக்கிற வழக்கம் அதற்கு இல்லை. என் கணவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மழைக்காலத்தில் அந்தக் கொக்கியில் கயிறு கட்டித் துணி உலர்த்தினோம். ஊரார் தேதியெல்லாம் தலையில் வைத்திருந்தவளுக்கு, அந்த ஒரு தேதி காலண்டரில் வந்தால் அன்றைக்குப் பாத்திரம் தேய்க்கிற வேலை கூடுதலாக இருக்கும். அவ்வளவுதான்.

அந்த வாரம் முழுக்கப் பக்கத்து வீட்டுக்காரி கேட்டது காதிலேயே இருந்தது. அதைவிட, தாம்பாளத்துக்கு இந்தப் பக்கம் நின்ற குழந்தை கண்ணிலேயே இருந்தது.

அடுத்த வியாழக்கிழமை கணபதிப் பந்தலுக்கு மூங்கில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். கோலிக்குள் போனதும் நான் ஸ்டூலில் உட்காரவில்லை. தரையில் உட்கார்ந்து ஒரு பிடி புளியை எடுத்து என் முன்னால் வைத்துக்கொண்டேன். டீச்சரம்மாவும் ஸ்டூலைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் புளியை உடைத்தேன். பிறகு, தலை நிமிராமலே சொன்னேன்:

"அறுபத்திரெண்டு, மாசி மாசம். எனக்கு ஒரு பொண்ணு பொறந்தா."

எனக்குத் தேதிதான் முதலில் வாயில் வரும். அந்தத் தாயின் கை நின்றது.

"இப்ப எங்க இருக்கா?"

"இல்லை. பேர் வைக்கறதுக்கு முன்னாலேயே போயிட்டா." போன தேதியையும் சொன்னேன்.

"பேரே வைக்கலியா?" அவள் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தாள். "அப்ப என்ன சொல்லிக் கூப்பிட்டு அழுதீய?"

"அழலை."

"அழலியா? ஊர்ல ஒருத்தரும் துட்டிக்கு வரலியா மாமி?"

"பேர் வைக்காத கொழந்தைக்கு யாரும் வரமாட்டா."

அவள் பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். இப்படி ஒரு அநியாயத்தைக் கேள்விப்பட்டதே இல்லை என்பது போலிருந்தது இரண்டு பேர் முகமும்.

"மனசுல ஒரு பேரு நெனச்சிருப்பியளே."

நினைத்திருந்தேன். தை மாதம் கொக்கி அடித்த அன்றைக்கே நினைத்தது. என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. அவளிடம் சொன்னேன். அவள் அதைத் திருநெல்வேலி உச்சரிப்பில், கடைசி எழுத்தை நீட்டி, வாசலில் விளையாடுகிற குழந்தையைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டாள். என் பெண்ணின் பேரை இன்னொருவர் வாயில் நான் கேட்டது அப்போதுதான்.

பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்வது கஷ்டம். புளிப் பிசுக்குக் கையோடு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் நெற்றி என் நெற்றியில் இடித்தது. நான் அழுதேன். எப்படி அழுவது என்று தெரியாமல் தொடங்கினேன், அவள் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு மேலே போனேன். அவள் முதலில் என் பெண்ணைக் கூப்பிட்டு அழுதாள். அப்புறம் தன் பையனைக் கூப்பிட்டாள். என் பெண்ணை அவன் பொறுப்பில் விட்டாள். தங்கச்சி கையை விடாதே, அவளுக்கு வழி தெரியாது, குழாயடியில் வழுக்கும், பார்த்துக் கூட்டிக்கொண்டு போ என்றாள். பக்கத்து வீட்டுக்காரி வந்து சேர்ந்துகொண்டாள். அவள் அழுதது பல வருஷம் முன்பு போன புருஷனுக்கு. அழுகைக்கு நடுவிலேயே அவரைத் திட்டவும் செய்தாள்: "பொங்கலுக்குச் சீல எடுத்துத் தாரேன்னு சொன்னீரே, எத்தன பொங்கலய்யா போச்சு!" டீச்சரம்மாவுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் அவளும் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். மராத்தியில் அழுதேன் என்று பிறகு சொன்னாள்.

மார்பில் அடித்துக்கொள்வதற்காகப் பக்கத்து வீட்டுக்காரி குழந்தையைக் கீழே விட்டிருந்தாள். இத்தனை பேர் அழுவதைப் பார்த்து அது மிரண்டு வீறிட்டது. யாரும் எடுக்கவில்லை. அது சுற்றிப் பார்த்தது. பிறகு தாம்பாளத்துக்குள்ளேயே காலை வைத்து, புளியை மிதித்துக்கொண்டு, நேராகத் தாய் மடியில் போய் விழுந்தது.

தாய் விறைத்துப் போனாள். அழுகையை அப்படியே விட்டுவிட்டு நாங்கள் எல்லோரும் அவளைப் பார்த்தோம்.

"இந்த மடியிலதான கெடந்தான்" என்றாள், யாரிடம் என்று இல்லாமல். "இந்த மடியிலயேதான போனான். இதுல இன்னொன்ன எப்படி மாமி வைக்க? இதுக்கும் ஏதும் ஆயிட்டுன்னா?"

அதை அப்படியே டீச்சரம்மாவுக்குச் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மெதுவாக, "அந்தப் பயத்தோடேயே வைத்துக்கொள்ளட்டும். பயம் போன பிறகு எடுக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்" என்றாள். சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரி தன் பங்குக்கு, "மடி என்னளா செய்யும்? காய்ச்சல் செஞ்சத மடி மேல போடுதியே!" என்றாள்.

குழந்தை விம்மிக்கொண்டே தாயின் முந்தானையைப் பிடித்து மூக்கைத் துடைத்தது. அவள் கை எழுந்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்சம் நின்று, அதன் முதுகில் இறங்கியது. அந்தச் சின்னச் சட்டையில் புளிக்கறை ஐந்து விரலும் பதிந்தது.

அன்றைக்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். அடுத்த வாரம் போனபோது தாம்பாளம் மறுபடி நடுவில் இருந்தது. அதற்கடுத்த வாரம் இல்லை. நவராத்திரியில் ஒருநாள் அவளே குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள், நாங்கள் வந்ததைக் கவனிக்காமல். தீபாவளிக்குள் ராத்திரித் தூக்கமும் தாயிடம் என்றாகிவிட்டது. "என் பாரம் கொறஞ்சுது" என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்லிக்கொண்டாள். முகத்தைப் பார்த்தால் அவளுக்குத்தான் புதிதாக ஒரு குறை வந்த மாதிரி இருந்தது. எனவே குழந்தை பகலில் அவளிடமே இருந்தது.

டீச்சரம்மா தன் வழிமுறையை மாற்றிக்கொண்டாள். அதன் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் பக்கத்து வீட்டுக்காரியையும் இன்னும் இரண்டு பெண்களையும் முன்னால் அனுப்பினாள். அவர்கள் உட்கார்ந்து முதலில் தங்கள் அழுகையை அழுவார்கள். அது அடங்கின பிறகு இவள் பேசுவாள். அப்போது அவள் படித்த கேள்விகள் ஒவ்வொன்றும் வேலை செய்தன. தூக்கம், சாப்பாடு, பயம், இனி என்ன என்பதெல்லாம் அழுது முடித்த வாயிலிருந்து சுலபமாக வந்தது. தோல் பட்டறையில் வேலை பார்த்த அந்தத் தாயின் புருஷனுக்கு இது எதுவும் சரிப்படவில்லை. ஆண்பிள்ளை எங்கே அழுவது என்றான். அவனோடு டாக்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் உட்கார்ந்தார். அங்கே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. கண் சிவந்து திரும்பி வந்த டாக்டர் தன் வீட்டில் அன்றைக்குச் சீக்கிரம் படுத்துவிட்டாராம்.

1967 மாசி வந்தது. அந்தத் தேதி வந்தது, போனது. இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, வாசலில் கதவு தட்டுகிற சத்தம். என் கணவர்தான் திறந்தார். நான் சமையலறையில் இருந்தேன்.

"மாமி இருக்காவளா?" பக்கத்து வீட்டுக்காரியின் குரல். "துட்டி கேக்க வந்தோம்."

"இங்க யாரும் போகலையே. யாருக்கு?"

"ஒங்க மவளுக்கு."

நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்தேன். வாசலில் பக்கத்து வீட்டுக்காரியும், இடுப்பில் குழந்தையோடு அந்தத் தாயும். இரண்டு பேரும் துவைத்த சேலை உடுத்தி, தாராவியிலிருந்து நடந்தே வந்திருந்தார்கள். என் கணவர் கதவைப் பிடித்தபடி நின்றார்.

"நீங்க சொன்ன தேதி வெள்ளிக்கெழம விழுந்துட்டு மாமி" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "மறுநா சனி, அதுவும் ஆவாது. அதான் இன்னைக்கு. வெள்ளிக்கெழம வந்திருந்தா நீங்க பழிக்குப் பழி வாங்கிருப்பியள்லா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, மற்றதும் வந்தது. கூடத்தில் மூன்று பேரும் உட்கார்ந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதோம். கட்டிடத்துக்காக அவர்கள் குரலைக் கொஞ்சம் தணித்துக்கொண்டார்கள். அப்படியும் மூன்றாம் மாடி மாமி படியிறங்கி வந்துவிட்டாள். யாருக்கு என்ன ஆச்சு, எப்போ, எப்போ என்று கேட்டாள். கடைசியில் ஒருவர் அந்தத் தேதியைக் கேட்டுவிட்டார். சொன்னேன். மூன்றாம் மாடி மாமி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

அழுகை அடங்கியபோது குழந்தை தாயின் தோளில் தூங்கி வழிந்துகொண்டிருந்தது. அதுவரை ஜன்னலோரமாகத் திரும்பி நின்றிருந்த என் கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். கொக்கியிலிருந்து துணிக்கயிற்றை அவிழ்த்தார்.

"பழைய பொடவை ஒண்ணு எடு" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். தூளி கட்ட அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.

"இவ கனத்துக்குத் தாங்குமா சாமி?" என்றாள் தாய். மழைக்காலத்தில் இளைத்துப்போயிருந்த குழந்தை இப்போது அப்படிக் கேட்கிற அளவுக்குத் தேறியிருந்தது.

"தாங்கும். நல்ல கொக்கி. நின்னு பாத்து அடிக்கச் சொன்னேன்."

தாய் குழந்தையை முத்தமிட்டுத் தூளியில் விட்டாள். என் கணவர் ஒரு கையால் ஆட்டத் தொடங்கினார். நான் காபி கலக்க உள்ளே போகத் திரும்பினேன். பின்னாலிருந்து அவர் குரல் வந்தது, ஆபீஸ் கிண்டல் எதுவும் இல்லாமல்:

"என்ன பேர் நெனச்சிண்டிருந்தே?"

சொன்னேன். தூளி ஆடுகிற கணக்குக்கு அவர் அதை ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார்.